எதைப் பொறுத்து இந்த வேகம்? காக்பிட் திரைகளைப் படிக்க எந்த விளையாட்டு நல்லது

விண்கல விளையாட்டைப் புதிதாகத் திறப்பவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். திரையில் வேகம் என்று ஓர் எண் ஓடுகிறது. தரையில் போகும் வண்டியின் வேகத்தைப் படிப்பதுபோல அதைப் படித்துவிடுகிறார்கள். விண்வெளியில் தரை ஏது? அந்த எண் பூமியின் மையத்தைப் பொறுத்ததா, சுழலும் நிலப்பரப்பைப் பொறுத்ததா, எதிரே மிதக்கும் விண்வெளி நிலையத்தைப் பொறுத்ததா என்று தெரியாதவரை அது வெறும் எண்தான். உயரமும் அப்படியே. கோணமும் அப்படியே.

ஆகவே "சார், கணினியில் எந்த விண்கல விளையாட்டை இறக்கலாம்?" என்று கேட்டு வரும் பிள்ளைகளுக்காக நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றுதான்: எந்த எண் எதைப் பொறுத்தது என்பதை எந்தத் திரை ஒளிக்காமல் காட்டுகிறது? படத்தின் பளபளப்பு, எஞ்சின் ஓசை, கதை எல்லாம் அதற்குப் பிறகு.

நான் மண்டபம் பக்கத்தில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் டியூஷன் எடுக்கிறேன். இந்தக் கேள்வி அதிகமாக வருவது கோடையில். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் மீன்பிடித் தடைக்காலம். பள்ளி விடுமுறையும் அதனோடு ஒட்டியே வருகிறது. விசைப்படகுகள் கரையில் நிற்கும், அப்பாக்கள் வீட்டில் இருப்பார்கள், பிள்ளைகளின் மடியில் கணினி இருக்கும். தெற்கே இதே கடற்கரையில் குலசேகரன்பட்டினத்தில் 2024 பிப்ரவரி 28 அன்று ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டியதிலிருந்து ஆர்வம் இன்னும் கூடியிருக்கிறது. (இந்தப் பக்கத்தில் விண்வெளி என்றாலே கலாமிலிருந்து தொடங்குவது மரபு. அவரைப் பற்றி எழுத இங்கே ஆட்களுக்குக் குறைவில்லை; நான் நேரே விஷயத்துக்குப் போகிறேன்.)

ஒப்பிடப்போவது நான்கு. உலாவியிலேயே ஓடும் ஸ்பேஸ்எக்ஸின் டாக்கிங் (கலத்தை நிலையத்தோடு இணைக்கும்) பயிற்சிப் பக்கம், கெர்பல் ஸ்பேஸ் புரோகிராம், ஆர்பிட்டர், எலீட் டேஞ்சரஸ். எங்கள் ஊர் நிலவரத்தையும் சொல்லிவிட வேண்டும். பல வீடுகளில் இருப்பது அரசு தந்த விலையில்லா மடிக்கணினியோ, அண்ணனிடமிருந்து தம்பிக்கு இறங்கிய பழைய கணினியோதான். தனி கிராஃபிக்ஸ் கார்டு இருக்காது. இணையம் என்றால் அப்பாவின் கைப்பேசியிலிருந்து வரும் ஹாட்ஸ்பாட்; அன்றாட டேட்டா தீர்ந்தால் மறுநாள் வரை காத்திருக்க வேண்டும்.

எலீட் டேஞ்சரஸை முதலிலேயே விலக்கிவிடலாம். 2014-இல் வெளிவந்த இதன் காக்பிட் இந்த நான்கிலும் கண்ணுக்கு அழகானது என்பதில் சந்தேகமில்லை. ஆனால் தனியாக விளையாடினாலும் இணைய இணைப்பு அறுந்தால் ஆட்டம் நின்றுவிடும். அதைவிடப் பெரிய சிக்கல், அதில் கலத்துக்கு உச்ச வேகம் என்று ஒன்று உண்டு. விசையை விட்டதும் கணினி தானாகக் கலத்தை அடக்கிவிடும். அந்த உதவியை அணைத்தாலும் உச்ச வேகத்தின் வரம்பு போகாது. உண்மையான வெற்றிடத்தில் அப்படியொரு வரம்பு கிடையாது. வேக எண்ணைத் தவறாகப் படிக்கும் பழக்கம் முதல் வாரத்திலேயே ஒட்டிக்கொள்ளும். ஒன்றை மட்டும் பாராட்டியே தீர வேண்டும்: நடுவில் இருக்கும் வட்டமான சென்சார் தட்டு. சுற்றியிருக்கும் ஒவ்வொரு பொருளும் தட்டின் தளத்துக்கு மேலே இருக்கிறதா, கீழே இருக்கிறதா என்பதை ஒரு சிறு செங்குத்துக் கோடு சொல்லிவிடுகிறது. பக்கத்தில் உள்ள குட்டித் திசைகாட்டியில் இலக்கு முன்னால் இருந்தால் நிரம்பிய புள்ளி, பின்னால் இருந்தால் உள்ளீடற்ற புள்ளி. முப்பரிமாணத்தைத் தட்டையான திரையில் இவ்வளவு சுருக்கமாகக் காட்டிய வேறு விளையாட்டை நான் பார்த்ததில்லை. ரசிக்கலாம். திரை படிக்கப் பழகுவதற்கு வேண்டாம்.

ஸ்பேஸ்எக்ஸ் பக்கம் 2020 மே மாதம், டிராகன் கலம் முதன்முதலாக மனிதர்களை ஏற்றிச் செல்வதற்குச் சற்று முன்பு வெளிவந்தது. பணம் வேண்டாம், இறக்க வேண்டாம். டிராகனில் விண்வெளி வீரர்கள் கையால் ஓட்டும்போது பயன்படுத்தும் திரையின் சாயலிலேயே அமைந்தது. 2025 ஜூனில் இந்திய வீரர் சுபான்ஷு சுக்லா விமானியாகச் சென்றது இந்த வகைக் கலத்தில்தான். வழக்கமாக அது தானாகவே நிலையத்தோடு இணைந்துகொள்ளும், கையால் ஓட்டும் வசதி மாற்று ஏற்பாடு.

இந்தத் திரையில் கவனிக்க வேண்டியது நிறங்களை. பச்சை எண்கள் இன்னும் எவ்வளவு திருத்த வேண்டும் என்பதைச் சொல்கின்றன. நீல எண்கள் எவ்வளவு வேகமாகத் திரும்பிக்கொண்டிருக்கிறோம் என்பதைச் சொல்கின்றன. பச்சை எண்கள் எல்லாம் 0.2-க்குக் கீழே வந்தால் இணைப்பு வெற்றி. புதிதாக வருபவர்கள் பச்சையையே பார்த்துக்கொண்டு பொத்தானை அழுத்துவார்கள். பச்சை குறையும், பூஜ்யத்தைத் தாண்டி மறுபக்கம் போகும், அதைத் திருத்தப் போய் இன்னொரு பக்கம் போகும். நீலத்தைப் பார்த்து ஓட்டத் தொடங்கும் நாளில் இந்த ஆட்டம் நின்றுவிடும். நிலையை ஓர் எண், அந்த நிலை மாறும் வீதத்தை இன்னோர் எண். வகையீட்டுக் கணிதத்தைக் கரும்பலகையில் ஒரு பருவம் முழுக்கச் சொல்லியும் பிடிபடாத பிள்ளைக்கு இந்தப் பக்கம் ஒரே மாலையில் புரியவைக்கும். நெருங்கும் வேகம் கழித்தல் குறியோடு வருவதும் இதனால்தான்: தூரம் குறைந்துகொண்டிருக்கிறது என்று பொருள். கழித்தல் குறியைப் பார்த்ததும் ஏதோ பிழை என்று பயப்படுகிறவர்கள் உண்டு.

மாற்ற வீதம் தெரியாமல் ஓட்டினால் என்ன ஆகும் என்பதற்கு உண்மையான சம்பவமே இருக்கிறது. 1997 ஜூன் 25 அன்று ரஷ்யாவின் மிர் விண்வெளி நிலையத்தில் இருந்த தளபதி, புரோகிரஸ் என்ற ஆளில்லாச் சரக்குக் கலத்தைத் தொலைக்காட்சித் திரையைப் பார்த்துக் கையால் கொண்டுவந்து இணைக்க முயன்றார். தூரத்தையும் நெருங்கும் வேகத்தையும் அளக்கும் ரேடார் அந்த முயற்சியில் பயன்படுத்தப்படவில்லை. திரையில் நிலையத்தின் உருவம் எவ்வளவு பெரிதாகிறது என்பதை வைத்தே கணிக்க வேண்டியிருந்தது. வேகம் அதிகம் என்று தெரிந்தபோது நேரம் கடந்துவிட்டது. கலம் ஸ்பெக்டர் பகுதியில் மோதி, காற்று கசிந்து, அந்தப் பகுதியையே அடைத்துப் பூட்ட வேண்டியதாயிற்று. இதற்கு நேர்மாறான எடுத்துக்காட்டு இஸ்ரோவின் இணைப்புச் சோதனையான நம்முடைய ஸ்பேடெக்ஸ். 2024 டிசம்பர் 30 அன்று ஏவப்பட்ட இரண்டு சிறு செயற்கைக்கோள்கள் 2025 ஜனவரி 16 அன்று இணைந்தன. கடைசிக் கட்டத்தில் நெருங்கிய வேகம் விநாடிக்குச் சென்டிமீட்டர் கணக்கில்தான்.

குறை என்ன? அந்தப் பக்கத்தில் எல்லாமே நிலையத்தைப் பொறுத்தது மட்டும்தான். பூமியைச் சுற்றிக்கொண்டிருக்கிறோம் என்பதே அதில் தெரியாது. நேரே அழுத்தினால் நேரே போகும். உண்மையில் தூரம் சற்று அதிகமானாலே அப்படி நடக்காது. 1965 ஜூனில் ஜெமினி 4-இல் ஜேம்ஸ் மெக்டிவிட், தன் கலத்தைச் சுமந்துவந்து கழன்றுபோன ராக்கெட் பகுதியை நெருங்கப் பார்த்தார். அதை நோக்கி விசை கொடுக்கக் கொடுக்க அது விலகிக்கொண்டே போனது. விசை கொடுத்தால் சுற்றுப்பாதையே மாறிவிடும், மாறிய பாதையில் கலம் வேறோர் இடத்துக்குப் போய்ச் சேரும் என்பதைக் காட்டும் திரை அவருக்கு முன்னால் இல்லை. உலாவிப் பக்கத்தோடு நிறுத்திக்கொள்பவருக்கும் அது கிடைக்காது.

கெர்பல் ஸ்பேஸ் புரோகிராம் அந்த இடத்தில்தான் நுழைகிறது. காசு கொடுத்து வாங்க வேண்டும். 2015-இல் முழுமையான பதிப்பு வந்தது. இரண்டாம் பாகம் என்று 2023-இல் வந்தது அரைகுறையாகவே நின்றுவிட்டது, அந்தப் பக்கமே போக வேண்டாம். இதன் நடுநாயகம் திரையின் அடியில் உருளும் நேவ்பால். மேல்பாதி நீலம், கீழ்ப்பாதி பழுப்பு. அப்பல்லோ கலங்களில் இருந்த திசைப்பந்தின் வழித்தோன்றல். நடுவில் இருக்கும் குறி மூக்கு எங்கே பார்க்கிறது என்பதைக் காட்டும். பந்தின்மேல் மிதக்கும் மஞ்சள்பச்சை வட்டம் கலம் எங்கே போகிறது என்பதைக் காட்டும். இந்த இரண்டும் வேறு வேறு என்று மனத்தில் பதிவதற்குள் பலருக்கு வாரம் போய்விடுகிறது.

எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு மட்டும் அவ்வளவு நாள் ஆவதில்லை. என்னிடம் படிக்கும் ஒருவனுடைய அப்பா விசைப்படகு டிரைவர். தடைக்காலத்தில் ஒருநாள் மகன் நேவ்பாலோடு மல்லுக்கட்டுவதைப் பின்னால் நின்று பார்த்தவர், "என்னப்பா, அணியம் ஒரு பக்கம் நிற்கிறது, படகு வேறு பக்கம் போகிறதே, நீவாடு இழுக்கிறதா?" என்று கேட்டார். (அணியம் என்றால் படகின் முன்பக்கம், நீவாடு என்றால் கடல் நீரோட்டம்.) அவருடைய படகில் இருக்கும் ஜிபிஎஸ் கருவியும் அதைத்தான் காட்டுகிறது. அணியம் தனுஷ்கோடியைப் பார்த்து நிற்கும். நீரோட்டம் வலுவாக இருந்தால் திரையில் விழும் தடம் வேறு பக்கம் சாயும். எஞ்சின் ஒரே சீராக ஓடினாலும் நீவாட்டுக்கு எதிரே வேகம் குறைவாகவும், அதனோடு போகும்போது கூடுதலாகவும் காட்டும், ஏனென்றால் ஜிபிஎஸ் சொல்வது கடலடித் தரையைப் பொறுத்த வேகம், தண்ணீரைப் பொறுத்த வேகமன்று. வித்தியாசம் ஒன்றுதான். விண்வெளியில் இழுப்பதற்கு நீரோட்டம் இல்லை. கலம் ஏற்கெனவே வாங்கிவைத்திருக்கும் வேகமே அதைப் பக்கவாட்டில் கொண்டுபோகிறது. அதை மட்டும் நான் சொன்னேன். மீதியை அவரே மகனுக்கு விளக்கிவிட்டார்.

நேவ்பாலின் தலையில் இருக்கும் வேகப் பெட்டியைச் சொடுக்கினால் அது மூன்று நிலைகளில் மாறும்: மேற்பரப்பு, சுற்றுப்பாதை, இலக்கு. இந்தப் பெட்டிக்காகவே கெர்பலுக்கு நல்ல மதிப்பெண் தருவேன். ஏவுதளத்தில் அசையாமல் நிற்கும் ராக்கெட்டை வைத்துக்கொண்டு சொடுக்கிப் பாருங்கள். மேற்பரப்பு நிலையில் பூஜ்யம்; சுற்றுப்பாதை நிலையில் விநாடிக்குச் சுமார் 175 மீட்டர். அந்தக் கற்பனைக் கோளின் சுழற்சி வேகம் அது. இணைப்பு வேலையின்போது இலக்கு நிலைக்கு மாற்றிக்கொண்டால், மஞ்சள்பச்சை வட்டத்தை இளஞ்சிவப்பு இலக்குக் குறியின்மேல் கொண்டுபோய் நிறுத்துவதுதான் மொத்த வேலையும். மாற்ற மறந்தவர்கள் அந்த வட்டம் அசையவே மாட்டேன் என்கிறது என்று புலம்புவார்கள்.

கெர்பல் கெடுப்பது இரண்டு இடங்களில். மேலே ஓடும் உயரமானி இயல்பாகக் கடல்மட்டத்திலிருந்து அளக்கிறது, காலடி நிலத்திலிருந்து அல்ல. நிலவில் இறங்கும்போது இன்னும் மூவாயிரம் மீட்டர் இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருக்கையில் மேடு வந்து மோதும். இரண்டாவது, அதன் உலகம் சிறியது. கோளின் ஆரம் 600 கிலோமீட்டர், வளிமண்டலம் 70 கிலோமீட்டரில் முடிந்துவிடும், தாழ்ந்த சுற்றுப்பாதையில் வேகம் விநாடிக்குச் சுமார் 2.3 கிலோமீட்டர். பூமியில் அதே வேலைக்கு 7.7, 7.8 கிலோமீட்டர் வேண்டும். கெர்பலில் நூறு மணிநேரம் ஓட்டியவர் இஸ்ரோ ஒளிபரப்பின் திரையில் ஓடும் எண்களைப் பார்த்தால் கைக்கு அடங்காது. அதோடு, சுற்றுப்பாதையின் வடிவத்தை அவர் வரைபடக் காட்சியில்தான் பார்த்துப் பழகியிருப்பார். வண்ணக் கோட்டை இழுத்து வேலையை முடிப்பதால், எண்களைப் படிக்க வேண்டிய கட்டாயமே அவருக்கு வருவதில்லை.

ஆர்பிட்டர் எதையும் ஒளிப்பதில்லை, எதையும் விளக்குவதுமில்லை. லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியில் பணியாற்றிய மார்ட்டின் ஷ்வைகர் 2000-இல் வெளியிட்ட இலவச மென்பொருள். 2021-இல் மூல நிரலையே திறந்துவிட்டார். விண்டோஸில் ஓடும். உயர்தர நிலப்பரப்புப் படங்களை எல்லாம் சேர்த்தால் பல பத்து ஜிபி ஆகும். அவை இல்லாமலே கற்கலாம். கணினி மிகப் பழையது என்றால் 2010 பதிப்பு போதும். இதில் கதை இல்லை, புள்ளிகள் இல்லை, வெற்றி தோல்வி இல்லை. டெல்டா கிளைடர் என்ற கற்பனைக் கலத்தின் காக்பிட்டில் இடமும் வலமுமாக இரண்டு பன்பயன் திரைகள் உண்டு. அவற்றில் ஒன்றில் சுற்றுப்பாதைத் திரையைத் திறந்துவைப்பதுதான் முதல் பாடம்.

திறந்ததும் பச்சை எழுத்துகள் ஒரு பத்தியாக நிற்கும். இருபதுக்கு மேல் இருக்கும் என்று தோன்றும், பயப்பட வேண்டாம். தொடக்கத்தில் நான்கு போதும்: அண்மைப்புள்ளி (பாதையில் பூமிக்கு மிக அருகில் வரும் இடம்), சேய்மைப்புள்ளி (மிகத் தொலைவில் போகும் இடம்), வேகம், சாய்வு (பாதை ஓர் அடிப்படைத் தளத்துக்கு எவ்வளவு சரிந்திருக்கிறது). மற்றவற்றை மறந்துவிடுங்கள்.

இப்போது ஒரு சோதனை. சினாரியோ எடிட்டர் என்ற காட்சித் திருத்தியில் கலத்தைப் பாம்பன் தீவில் கொண்டுபோய் வையுங்கள்: வடக்கு 9.28 பாகை, கிழக்கு 79.31 பாகை. கலம் தரையில் நிற்கிறது, எஞ்சின் அணைந்திருக்கிறது. மேற்பரப்புத் திரை பூஜ்யம் என்கிறது. சுற்றுப்பாதைத் திரை விநாடிக்குச் சுமார் 458 மீட்டர் என்கிறது. இரண்டும் சரி. ராமேசுவரத்தில் படுத்துத் தூங்குகிறவரும் பூமியின் மையத்தைப் பொறுத்து அந்த வேகத்தில்தான் கிழக்கே போய்க்கொண்டிருக்கிறார். சேய்மைப்புள்ளி சுமார் 6,371 கிலோமீட்டர் என்று காட்டும். இவ்வளவு உயரத்திலா நிற்கிறோம் என்று திகைக்கத் தோன்றும். அது பூமியின் மையத்திலிருந்து அளந்த தூரம். அண்மைப்புள்ளி பத்துப் பதினோரு கிலோமீட்டர் என்று காட்டும், அதுவும் மையத்திலிருந்துதான். காலடியில் தரை இல்லாமல் போனால், இந்த 458 மீட்டர் வேகத்தோடு விழும் கலம் பூமியின் மையத்தை அவ்வளவு நெருக்கமாக உரசிச் செல்லும் பாதையில் போகும் என்பது அதன் பொருள். திரையின் ஓரத்தில் தூரம் என்பதைக் குறிக்கும் டிஎஸ்டி பொத்தானை ஒருமுறை அழுத்துங்கள். இப்போது அதே எண்கள் தரையிலிருந்து அளந்த உயரங்களாக மாறும்: சேய்மை கிட்டத்தட்ட பூஜ்யம், அண்மை பூமிக்குள்ளே ஆறாயிரம் கிலோமீட்டருக்கும் கீழே. அண்மைப்புள்ளியின் உயரத்தில் கழித்தல் குறி இருக்கும்வரை நீங்கள் சுற்றுப்பாதையில் இல்லை, விழுந்துகொண்டிருக்கிறீர்கள். கிளம்பி மேலே போகும்போது அந்த எண் மெல்ல ஏறி, கழித்தலைத் தாண்டி, 200 கிலோமீட்டரைத் தொடுவதைப் பார்ப்பது ஓர் அனுபவம். ஏவுதல் ஒளிபரப்புகளை அதற்குப் பிறகு வேறு கண்ணோடுதான் பார்ப்பீர்கள்.

சாய்வில் இன்னொரு கண்ணி இருக்கிறது. பாம்பனிலிருந்து நேர் கிழக்கே ஏவினால் சாய்வு 9.3 பாகைக்கு அருகில் வர வேண்டும். ஏவும் இடத்தின் அட்சரேகைக்கும் கீழான சாய்வு நேரடியாகக் கிடைக்காது. திரையோ சம்பந்தமே இல்லாத எண்ணைக் காட்டலாம். காரணம், அது பூமி சூரியனைச் சுற்றும் தளமான சூரியப் பாதைத் தளத்தைப் பொறுத்து அளந்துகொண்டிருக்கும். பூமியின் அச்சு அந்தத் தளத்துக்கு 23.4 பாகை சாய்ந்திருக்கிறது. எதைப் பொறுத்து அளப்பது என்ற சட்டகத்தை மாற்றும் எஃப்ஆர்எம் பொத்தானை அழுத்தினால் பூமத்தியரேகைக்கு மாறி, எண் வழிக்கு வந்துவிடும். சர்வதேச விண்வெளி நிலையத்தின் சாய்வு 51.6 பாகை. அதைத் தேடிப் போவதானால் பாம்பனிலிருந்து கிழக்கே அல்ல, வடக்கிலிருந்து சுமார் 39 பாகை கிழக்கே திரும்பிப் புறப்பட வேண்டும். இதைக் காகிதத்தில் கணக்குப் போட்டு, திரையில் சரிபார்த்த ஒரு மாணவி அதன் பிறகு கோளத் திரிகோணமிதியை என்னிடம் கேட்டு வாங்கிப் படித்தாள். பாடத்திட்டத்தில் அது இல்லை.

குறையே இல்லையா? இருக்கிறது. ஆர்பிட்டரின் கையேடு ஆங்கிலத்தில், பக்கம் பக்கமாக. திரைகளின் எழுத்துச் சுருக்கங்கள் எதுவும் தானாகப் புரியாது. முதல் இரண்டு மூன்று நாட்கள் உயரே போய்க் கீழே விழுவதாகவே கழியும். தவறு செய்தால் வெடிக்கும் காட்சிகூடப் பெரும்பாலும் இல்லை; கலம் சத்தமில்லாமல் தரையில் கிடக்கும். பொறுமை இல்லாத பிள்ளையிடம் இதைக் கொடுத்தால் இரண்டாம் நாளே அழித்துவிடுவான்.

ரீஎன்ட்ரி என்ற இன்னொன்றைப் பற்றியும் சிலர் கேட்கிறார்கள். மெர்குரி, ஜெமினி, அப்பல்லோ காக்பிட்டுகளை ஒவ்வொரு சுவிட்சோடும் கட்டியெழுப்பிய விளையாட்டு, விலைக்குக் கிடைப்பது. அருமையானது, ஆனால் அதில் முதல் மாதம் சுவிட்சுகளின் வரிசையை மனப்பாடம் செய்வதிலேயே போய்விடும். இப்போதைக்குத் தள்ளிவையுங்கள்.

என் முடிவு இதுதான். கைச்செலவில்லாமல் இந்தக் கோடையில் கற்க வேண்டும் என்பவர் முதல் இரண்டு மாலைகளை உலாவிப் பக்கத்தில் செலவிட்டு, நிலைக்கும் மாற்ற வீதத்துக்கும் உள்ள உறவைக் கையில் ஏற்றிக்கொண்டு, நேரே ஆர்பிட்டருக்குப் போகலாம். நடுவில் கெர்பல் தேவையில்லை. வயது பன்னிரண்டு, பதின்மூன்று என்றால், அல்லது ராக்கெட்டைக் கட்டி வெடிக்கவைத்துப் பார்ப்பதில்தான் ஆசை என்றால் கெர்பலே நல்லது. தள்ளுபடி வரும்போது வாங்குங்கள், வேகப் பெட்டியை ஒவ்வொரு கட்டத்திலும் சொடுக்கிப் பார்க்கும் வழக்கத்தை முதல் நாளிலேயே ஏற்படுத்திக்கொள்ளுங்கள். கெர்பலில் ஏற்கெனவே கை தேர்ந்தவர், வரைபடக் காட்சியைத் திறக்காமல் ஒருமுறை சுற்றுப்பாதைக்குப் போக முயன்றால் ஆர்பிட்டருக்கு எவ்வளவு தயார் என்பது தெரிந்துவிடும்.

ஜாய்ஸ்டிக் வாங்க வேண்டுமா என்று எல்லோரும் கடைசியில் கேட்கிறார்கள். வேண்டாம். இந்த உப்புக்காற்றில் மலிவான ஜாய்ஸ்டிக்கின் தொடுமுனைகள் சீக்கிரம் களிம்பு பிடித்து, கை வைக்காமலே கலம் ஒரு பக்கம் திரும்பத் தொடங்கும். திரையில் தவறா, கையில் தவறா என்று கண்டுபிடிக்க முடியாது. சிறு சிறு தட்டலாகக் கொடுக்க விசைப்பலகையே வசதி. அந்தப் பணத்துக்கு ஒரு மவுஸும், கணினிக்கடியில் வைக்கச் சின்ன விசிறி ஒன்றும் வாங்கிக்கொள்ளுங்கள். மே மாதத்தில் அது மிகவும் தேவைப்படும்.